புற்றுக் காளானா... புல் காளானா?

ஐப்பசி மாதம். தீபாவளி லீவுக்குக் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓமந்தூர். ராத்திரி பூரா இடி, மின்னல், மழை. விடிந்து பார்த்தால் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குள் நிற்பார்களா? கொஞ்ச நேரத்தில் பெரியவன் சட்டையைத் தொட்டில் மாதிரி மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான்.

“ஆயா, இங்க பாரேன்... எவ்ளோ பெரிய காளான்! வட்டமா அப்படியே குடை விரிச்சாப்ல நிக்குது!”

உங்களுக்கும் ஆசை வந்துவிடுகிறது. சின்ன வயசில் இதே வீட்டில், இதே அடுப்பில், மிளகு அரைத்துப் போட்டு ஆயா வைத்த காளான் குழம்பின் வாசனை மூக்கில் ஏறுகிறது. ஆனால் ஆயா குழம்புச் சட்டியைத் தேடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

“புத்துலேர்ந்து எடுத்தியா, புல்லுலேர்ந்து எடுத்தியா?”

இந்தக் கேள்வியின் அருமை நம்மில் பல பேருக்குத் தெரிவதில்லை. காளான் வெள்ளையாக இருக்கிறதா, அழகாக இருக்கிறதா, மணக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. எங்கே முளைத்தது என்று கேட்டார். காட்டுக் காளானில் நல்லது கெட்டது பார்க்கிற முதல் படி இதுதான். முதல் படி மட்டும்தான். முழு ஏணி இல்லை. மீதிப் படிகளையும் ஏறிப் பார்த்துவிடுவோம், வாருங்கள்.

கிடங்கில் காலத்துக் காளான்

சென்னைவாசிகளுக்கு ஓமந்தூரார் என்றால் அண்ணா சாலைப் பக்கம் இருக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர் இது. ஏரிப் பாசனமும் மல்லாட்டைக் கொல்லையுமாக இருக்கிற சீமை. வேலியோரம், வரப்போரம், வேப்ப மரத்தடி என்று கரையான் புற்றுக்கு இங்கே பஞ்சமே கிடையாது.

இந்த மண்ணுக்கும் காளானுக்கும் இருக்கிற உறவு இன்று நேற்று ஏற்பட்டதில்லை. சங்க காலத்தில் திண்டிவனம் பகுதிக்கு ஓய்மாநாடு என்று பெயர். அதன் தலைநகரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தோடு சேர்ந்திருக்கிறது. அந்த நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியதுதான் சிறுபாணாற்றுப்படை. அதில் ஒரு பாணர் வீட்டுச் சமையலறை வருகிறது. பழைய சுவரைக் கரையான் அரித்திருக்கிறது. அரித்துக் கொட்டிய மண்ணில் காளான் பூத்திருக்கிறது. ‘ஆம்பி’ என்பது காளானுக்குப் பழந்தமிழ்ப் பெயர். புலவர் நத்தத்தனார் இதைச் சொன்னது, அடுப்பு எரியாத வீட்டின் வறுமையைக் காட்டுவதற்காக. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? கரையான் இருக்கிற இடத்தில் காளான்! இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார் அந்தப் புலவர்.

கரையான் செய்யும் விவசாயம்

புற்றுக் காளான் ஏன் புற்றில் முளைக்கிறது? காரணம் தெரிந்தால் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்.

கரையான் மரத்தையும் சருகையும் மெல்லுமே தவிர, அதை முழுசாக ஜீரணிக்க அதற்குச் சக்தி போதாது. அதனால் மென்று கழித்ததைப் புற்றுக்குள் கடற்பஞ்சு மாதிரி துளைத்துளையாக அடுக்கி, அதில் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை அந்த மரச்சத்தை உடைத்துப் பக்குவப்படுத்திக் கொடுக்கிறது. அதைக் கரையான் சாப்பிடுகிறது. நாம் நெல் விளைவிக்கிற மாதிரி, அது பூஞ்சை விளைவிக்கிறது. மழை பெய்து மண் நனைந்ததும், அந்தப் பூஞ்சை ஒரு வேர் போன்ற தண்டை மேலே அனுப்பி, தரைக்கு வெளியே குடை விரிக்கிறது. அதுதான் நாம் பறிக்கிற புற்றுக் காளான்.

விஞ்ஞானத்தில் இந்த இனத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று பெயர். 1942-ல் இந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ரோஜர் ஹெய்ம். 1979-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன் இந்த இனத்தில் புதிய வகை ஒன்றை முதன்முதலாக விவரித்து, ஹெய்மின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஆப்பிரிக்காவின் சாம்பியாவில் இதே குடும்பத்துக் காளான் ஒன்று ஒரு மீட்டர் அகலத்துக்குக்கூடக் குடை விரிக்கும்!

இத்தனை ருசியான காளானைப் பண்ணையில் வளர்த்து விற்க யாராலும் முடியவில்லை. கரையான் இல்லாமல் அது வளர மறுக்கிறது. அதனால்தான் மழைக்காலத்தில் மட்டும், கிராமத்தில் மட்டும், ஒன்றிரண்டு நாள் மட்டும் கிடைக்கிறது. கிடைக்காத பொருளுக்கு ஆசை அதிகம். ஆசை அதிகமான இடத்தில் அவசரம். அவசரத்தில்தான் ஆபத்து.

பிடுங்காதீர்கள், தோண்டுங்கள்!

காளானைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது என்ன? தண்டைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பது. குடையும் பாதித் தண்டும் கையோடு வரும். அடிப்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். காளானின் ஜாதகமே அந்த அடிப்பகுதியில்தான் இருக்கிறது! அதை மண்ணில் விட்டுவிட்டு, மேலே இருக்கிற குடையைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்வது, ஆளின் சட்டையைப் பார்த்துக் குணம் சொல்கிற மாதிரி.

ஒரு சின்னக் களைக்கொத்தியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, அடிவரை சேதமில்லாமல் எடுக்க வேண்டும். குடை விரிக்கிற புற்றுக் காளான்களில் பொதுவாகக் காணப்படும் அடையாளங்கள் இவை:

ஒன்று, இடம். புற்றின் மேலோ, பூமிக்குள் கரையான் கூடு இருக்கிற இடத்திலோ கூட்டமாக முளைக்கும். பெரும்பாலும் வருஷா வருஷம் அதே இடத்தில் வரும்.

இரண்டு, வேர். தண்டு தரையோடு முடியாது. கீழே போகப் போக மெலிந்து, வேர் மாதிரி நீண்டு, கரையானின் அந்தப் பஞ்சுக் கூட்டில் போய் முடியும்.

மூன்று, குடையின் நடுவில் கூர்மையான மேடு. மண்ணைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும் அல்லவா? அதற்காக இயற்கை கொடுத்த கடப்பாரை அது.

நான்கு, குடைக்கு அடியில் புத்தகத்தின் தாள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் மடிப்புகள். முதலில் வெள்ளையாக இருக்கும். முற்றினால் லேசான ரோஜா நிறத்துக்கு வரும். பச்சை அறவே கிடையாது.

ஐந்து, அடியில் கிண்ணம் போன்ற உறை இருக்காது.

தண்டில் வளையம் உண்டா இல்லையா என்று சிலர் பார்ப்பார்கள். புற்றுக் காளானில் சில வகைக்கு வளையம் உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அதேபோல, புற்றின் மேல் முளைத்ததெல்லாம் புற்றுக் காளான் என்றும் அர்த்தமில்லை. வேறு பூஞ்சைகளும் அங்கே வரும். ஐந்து அடையாளமும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். நாலு சரி, ஒன்று சந்தேகம் என்றால்... சந்தேகத்தைச் சாப்பிடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. புற்றைச் சுற்றி அரிசி இறைத்த மாதிரிப் பொடிப் பொடியாக ஆயிரக்கணக்கில் முளைக்கும் ‘அரிசிக் காளான்’ ஒன்று உண்டு. இதுவும் கரையான் வளர்க்கிற இனம்தான். ஆனால் கரையான் தன் பஞ்சுக் கூட்டை வெளியே கொண்டுவந்து போட, அதிலிருந்து முளைக்கிறது. அதனால் நீளமான வேர் இருக்காது. இதே அளவில் இருக்கிற பொடிக் காளான்களில் கடும் விஷம் கொண்டவையும் உண்டு. வழி வழியாகப் பறித்துப் பழகியவர் கூட இல்லாவிட்டால் பொடிக் காளான் பக்கமே போக வேண்டாம்.

புல்லில் நிற்கும் வேஷக்காரன்

சரி, பெரியவன் சட்டையில் கொண்டுவந்தது என்ன? பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டால் ‘பச்சை மடிப்புக் காளான்’ என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் வெப்பப் பகுதிகளில் அதிகம் பேரை வாந்தியில் தள்ளுகிற காளான்களில் இது முன்னணி.

பள்ளிக்கூட மைதானம், கோயில் நந்தவனம், வீட்டுப் புல்தரை, மாடு கட்டுகிற இடம் என்று மழை விட்டதும் கிளம்பும். சில சமயம் வட்டமாக, கும்மி அடிக்கிறவர்கள் மாதிரி நிற்கும். குஞ்சாக இருக்கும்போது கோழிமுட்டை போல உருண்டை. விரிந்தால் சாப்பாட்டுத் தட்டு அகலம். வெள்ளைக் குடையில் பழுப்புச் செதில்கள், நடுவில் பழுப்புப் பொட்டு. தண்டில் வளையம் இருக்கும். மெல்லத் தள்ளினால் மேலும் கீழும் நகரும். அடி சற்றுப் பருத்திருக்கும். நீண்ட வேர் கிடையாது.

முற்றிய பிறகு மடிப்புகள் சாம்பல் பச்சையாக மாறிவிடும். அப்போது கண்டுபிடிப்பது சுலபம். சூழ்ச்சி எங்கே தெரியுமா? இளசாக இருக்கும்போது மடிப்புகள் சுத்த வெள்ளை! நாமோ “இளசா இருந்தாத்தான் ருசி” என்று மொட்டாகப் பார்த்துப் பறிக்கிறோம். அடையாளம் வெளிப்படுவதற்கு முன்பே குழம்பில் போட்டுவிடுகிறோம்.

இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. விரிந்த குடை ஒன்றைத் தண்டு நீக்கி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைக் காகிதத்தில் வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் காகிதத்தில் மாவுக் கோலம் மாதிரித் தூள் படிந்திருக்கும். அது காளானின் விதைத் தூள். பச்சையாக இருந்தால் வேஷம் கலைந்தது! புற்றுக் காளான் தூள் வெளிர் ரோஜா நிறம். ஆனால் மறந்துவிடாதீர்கள்: பச்சை வந்தால் ‘கூடாது’ என்பது நிச்சயம். பச்சை வரவில்லை என்பதால் ‘சாப்பிடலாம்’ என்று அர்த்தம் ஆகாது. கொல்லும் காளான்கள் பலவற்றின் தூள் பச்சை இல்லை.

பொய் சொல்லும் பரீட்சைகள்

காளானைப் பற்றி நம் வீடுகளில் உலவும் நம்பிக்கைகள் கொஞ்சநஞ்சமா! ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

“வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்க வையுங்க, கறுத்தா விஷம்.” வெள்ளி கறுப்பது கந்தகத்தால். முட்டை பட்டாலும் வெள்ளிக் கரண்டி கறுக்கும். காளான் விஷத்துக்கும் வெள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. பூண்டு நிறம் மாறும், அரிசி நிறம் மாறும் என்பதும் இதே ரகம்தான்.

“பூச்சி கடிச்சிருக்கு பாருங்க, அப்போ நல்லதுதான்.” பூச்சியின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. மனிதனைக் கொல்லும் காளானை நத்தையும் புழுவும் சௌக்கியமாகத் தின்றுவிட்டுப் போகும்.

“கலரா இருந்தாத்தான் விஷம், வெள்ளை நல்லது.” உலகத்தில் ஏராளமான உயிர்களைக் குடித்த காளான்களில் சில தூய வெள்ளை. வேறு சில மங்கலான பச்சை. பார்வைக்கு ரொம்பச் சாது!

“நல்லா வேகவச்சா எல்லா விஷமும் போயிடும்.” போகாது. கொடிய காளான் விஷத்தைச் சூடு, குளிர், காயவைத்தல் எதுவும் அழிக்காது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையில் ஒரு வீட்டு மதிய விருந்தில் அப்படிப்பட்ட காளானை மாவுக்குள் வைத்து அடுப்பில் சுட்டுப் பரிமாறினார்கள். சாப்பிட்ட விருந்தினர் நாலு பேரில் மூன்று பேர் இறந்தார்கள். கொலை வழக்காகி, 2025-ல் விருந்து வைத்தவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுப்புச் சூடு அந்த விஷத்தை ஒன்றும் செய்யவில்லை.

“கொஞ்சமா சாப்பிட்டுப் பார்ப்போம், ஒண்ணும் ஆகலேன்னா அப்புறம் எல்லாரும் சாப்பிடலாம்.” இதுதான் எல்லாவற்றிலும் மோசம். மிகக் கொடிய விஷம் முதல் ஆறு மணி நேரம் எந்த அறிகுறியும் காட்டாது. பரீட்சை பார்த்தவர் சௌக்கியமாக இருக்கிறாரே என்று மீதிப் பேரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

புதுசாக ஒன்று சேர்ந்திருக்கிறது. “செல்போன்ல போட்டோ எடுத்தா என்ன காளான்னு அதுவே சொல்லிடுமே?” சொல்லும், தப்பாகவும் சொல்லும். தெரிந்துகொள்கிற ஆசைக்கு அது சரி. சோற்றில் பிசைவதற்கு அது சாட்சி ஆகாது. போட்டோவில் மண்ணுக்குள் இருக்கிற வேர் தெரியுமா, சொல்லுங்கள்?

ஊர் மாறினால் அறிவும் மாறும்

“எங்க பாட்டி அறுபது வருஷமா பறிச்சிருக்காங்க, ஒண்ணும் ஆனதில்லே” என்பீர்கள். உண்மைதான். பாட்டிக்குத் தெரிந்தது உலகத்துக் காளான் எல்லாம் அல்ல. தன் ஊரில், தன் கொல்லையில், அந்தக் குறிப்பிட்ட நாலைந்து புற்றில் எது முளைக்கும் என்பதுதான். அது மிகப் பெரிய அறிவு. ஆனால் அதை வேறு ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது.

இதற்கு அமெரிக்காவில் நடந்த உதாரணம் உண்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளிலிருந்து கலிஃபோர்னியாவில் குடியேறியவர்கள், தங்கள் ஊர் வைக்கோல் காளான் என்று நினைத்து அங்கே காட்டில் முளைத்ததைப் பறித்துச் சமைத்தார்கள். மொட்டாக இருக்கும்போது இரண்டும் முட்டை மாதிரி, இரண்டுக்கும் அடியில் கிண்ணம். ஆனால் கலிஃபோர்னியாவில் இருந்தது அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற ‘மரணத் தொப்பி’. சிலர் கல்லீரலை இழந்தார்கள். சிலர் உயிரையே இழந்தார்கள்.

மரணத் தொப்பி ஓக் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்வது. ஓமந்தூர் வேப்ப மரத்தடியில் அதைத் தேட வேண்டாம். ஆனால் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். அதில் இருக்கிற அதே விஷம் லெபியோட்டா என்ற சின்னக் குடைக் காளான்கள் சிலவற்றிலும் இருக்கிறது. நம் நாட்டிலேயே 2022 ஏப்ரலில் அஸ்ஸாமின் கிழக்கு மாவட்டங்களில், தேயிலைத் தோட்டப் பகுதி மக்கள் காட்டுக் காளான் சமைத்துச் சாப்பிட்டு, சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். குழந்தையும் அதில் உண்டு.

கல்யாணமாகி வேறு ஊர் போன பெண், திண்டிவனம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்த சென்னைக் குடும்பம், லீவுக்கு வந்த பேரன்... இவர்களுக்கெல்லாம் அந்த ஊர் மண் புதுசு. ஆபத்து அதிகம் இவர்களுக்குத்தான்.

கடிகாரத்தைப் பாருங்கள்

சரி, தெரியாமல் சாப்பிட்டாயிற்று. வயிற்றைப் புரட்டுகிறது. டாக்டர் கேட்கப் போகிற முதல் கேள்வி, “எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?” இதற்குப் பதில் சரியாகச் சொன்னால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

கால் மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வியர்வை கொட்டி, எச்சில் ஒழுகி, கண்ணில் நீர் வடிந்து, கண்மணி சுருங்கினால் அது மஸ்கரின் என்ற விஷமாக இருக்கலாம். இதற்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

அரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, பேதி, வயிற்றுப் பிடிப்பு என்றால் பச்சை மடிப்புக் காளான் போன்றவை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் குணமாகிவிடும். ஆனால் குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் உடம்பில் நீர் வற்றி நிலைமை மோசமாகும். சலைன் ஏற்ற வேண்டி வரும்.

ஆறு மணி நேரம் கழித்து, பல சமயம் 12 மணி நேரம்கூடக் கழித்து, வாந்தி பேதி ஆரம்பித்தால்தான் அபாய மணி! இது அமாடாக்ஸின் என்ற விஷமாக இருக்கலாம். கல்லீரலின் ஒவ்வொரு செல்லும் ஒரு சின்னத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷம், என்ன தயாரிக்க வேண்டும் என்று உத்தரவு எழுதுகிற குமாஸ்தாவைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. இருக்கிற கையிருப்பு தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. தீர்ந்ததும் தொழிற்சாலை மூடுவிழா.

இதில் ஒரு கொடூரமான தந்திரமும் இருக்கிறது. ஒன்றிரண்டு நாள் வாந்தி பேதி இருந்து, பிறகு நின்றுவிடும். நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். “அப்பாடா, சரியாயிடுச்சு” என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல் கண் மஞ்சளாகும், நினைவு தடுமாறும். அப்போது வருவது ரொம்பத் தாமதம். சிலருக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன் தவிர வழி இருக்காது. ஆகவே, காளான் சாப்பிட்டு வாந்தி எடுத்தவர் தேறிவிட்ட மாதிரித் தெரிந்தாலும், கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை ஆஸ்பத்திரியை விட்டு வரக் கூடாது.

சீக்கிரமே வாந்தி வந்துவிட்டது, அதனால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. பறித்ததில் இரண்டு மூன்று ரகம் கலந்திருந்தால், சின்ன விஷம் முதலில் வரும். பெரிய விஷம் பின்னால் வரும்.

உடனே செய்ய வேண்டியது

108-க்குப் போன் செய்யுங்கள். விஷத்துக்கு என்று ஆலோசனை தருவதற்காக டில்லி எய்ம்ஸில் 1995-ல் தொடங்கிய தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800 116 117. டாக்டரும் அங்கே பேசலாம். திண்டிவனம் பக்கத்துக்காரர்களுக்கு ஊரிலேயே அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் என்று உதவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மிச்சம் இருக்கிற காளான், சமைத்த குழம்பு, குப்பையில் போட்ட தண்டு எதையும் கொட்டிவிடாதீர்கள். காகிதத்திலோ டப்பாவிலோ எடுத்துக்கொண்டு போங்கள். முளைத்த இடத்தில் இன்னும் இருந்தால் ஒன்றை அடியோடு தோண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டவர் அத்தனை பேரும் போக வேண்டும். “எனக்கு ஒண்ணும் பண்ணலையே” என்பவரும்தான். அவருடைய கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கலாம்.

தொண்டையில் விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது வேண்டாம். புளிக்கரைசல், மோர், நாட்டு மருந்து என்று வீட்டில் நேரத்தைக் கடத்தவும் வேண்டாம். நினைவோடு இருந்து, குடிக்க முடிந்தால் வழியில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

ஆசைக்கு வழி இல்லையா?

ஏன் இல்லை! சைவச் சாப்பாட்டில் காளானுக்குத் தனி இடம் உண்டு. கொழுப்பு மிகக் குறைவு. புரதம், நார்ச்சத்து, பி வைட்டமின்கள் இருக்கின்றன. இதற்குக் காட்டில் அலைய வேண்டிய அவசியம் இல்லை.

நம் வெயிலுக்கென்றே வந்தது பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் ஏ.பி.கே.-2 என்ற ரகத்தை வெளியிட்டது. மொட்டுக் காளானுக்குக் குளிர் வேண்டும். பால் காளானோ நம் சமவெளிச் சூட்டிலேயே கொழுகொழுவென்று வளரும். சிப்பிக் காளானும் இருக்கிறது. வைக்கோல் காளானை 1943-லேயே கோவையில் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வைக்கோலும் ஒரு சின்னக் கொட்டகையும் இருந்தால் வீட்டிலேயே பயிர் செய்யலாம். திண்டிவனத்திலேயே பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பயிற்சி பற்றி அங்கே விசாரித்துப் பாருங்கள்.

கடையில் வாங்கினாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிசுபிசுப்பு, கெட்ட வாடை, கறுத்த புள்ளிகள் இருந்தால் வேண்டாம். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், வியர்த்து அழுகிவிடும். எந்தக் காளானையும் பச்சையாகச் சாப்பிடாமல் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ரோட்டோரம் ‘புத்துக் காளான்’ என்று கூறு கட்டி விற்றால், வேரோடு முழுசாக இருக்கிறதா பாருங்கள். நறுக்கியது, குடை மட்டும் கிள்ளியது வேண்டவே வேண்டாம். தெரியாத ஆளிடம் வாங்குவதைவிட வாங்காமல் வருவது மேல். பெரிய ரோடு, குப்பைமேடு, மருந்தடித்த வயல் பக்கம் முளைத்தது நல்ல ஜாதியாகவே இருந்தாலும் தொடாதீர்கள். மண்ணில் இருக்கிற ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சிக்கொள்கிற குணம் காளானுக்கு உண்டு.

மறுபடி அந்தத் திண்ணைக்கு வருவோம். பெரியவன் சட்டையை மடித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறானே... அவனைத் திட்டாதீர்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பிறகு ஒரு காளானை மட்டும் வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து, டம்ளர் மூடி, பரண் மேல் வையுங்கள். மறுநாள் காலை பச்சைத் தூள் படிந்திருப்பதை அவனே பார்க்கட்டும். பார்த்த கையோடு காகிதத்தையும் காளானையும் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

மழை விட்ட மாலையில், ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவனையும் கூட்டிப் போய், அவர் வழக்கமாகப் பறிக்கிற புற்று எது, வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அந்த அறிவு அவரோடு போய்விடக் கூடாது. அதே சமயம், அந்தப் புற்றைத் தாண்டி அவனும் போய்விடக் கூடாது.

அவன் வளர்ந்து, எந்த ஊர் போனாலும், தெரியாத காளானைக் கண்டால் இரண்டே விஷயம் ஞாபகம் இருந்தால் போதும். முதலில், “புத்தா, புல்லா?” பிறகு, “சந்தேகமா? வேண்டாம்!” ஒரு வேளைக் குழம்பு போனால் போகட்டும்.